ஆங்கிலத்தில் அழுத உம்மா

அத்தியாயம் 11

செல்வராணி டீச்சர் போன வாரம் கடைக்கு வந்து, துணி மேஜைக்கு மேலே கையை நீட்டி, பரக்கத் நிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எவ்வளவு தாங்கியிருக்கீங்க" என்று கண் கலங்கிவிட்டுப் போனாரே, நினைவிருக்கும். லைனிங் துணி வாங்க வந்தவர் அதை வாங்காமலேயே போய்விட்டார்.

அன்றிலிருந்து பரக்கத் நிஷாவுக்கு மண்டை குடைகிறது. தான் எதைத் தாங்கினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மலேசியாவில், தங்காக் ஊரில், இந்தக் கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டில்தான் பிறந்தாள். அங்கேயேதான் அவளுக்கு நிக்காஹ் நடந்தது. அங்கேயேதான் இரண்டு மகள்களைப் பெற்று வளர்த்தாள். உம்ராவுக்குப் போன நாட்களைத் தவிர வேறு கூரைக்குக் கீழே படுத்ததே கிடையாது. இப்படிப்பட்டவளுக்கு ஊரார் ஆறுதல் சொன்னால் எப்படி இருக்கும்?

எல்லாம் சின்ன மகள் நிலோபர் செய்த வேலை. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற நிலோபர் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினாள். லண்டனில் அச்சாகி வந்த அந்தப் புத்தகம் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் கல்யாணத் தட்டுகளுக்கு நடுவே நின்றது. வந்தவர் போனவர் எல்லாரும் அதைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். தூசி தட்ட ஆள் இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை.

பரக்கத் நிஷாவுக்கு மலாய் தண்ணீராக வரும். தமிழ் வார இதழை ஒரு வரி விடாமல் படிப்பாள். ஆங்கிலம் மட்டும் விலை பேசுகிற அளவுக்குத்தான் தெரியும்.

இன்றைக்கு அந்தப் புத்தகத்தைப் பிரித்தே தீருவது என்று அவள் முடிவு செய்தது கொஞ்சம் வேண்டாத நாள்தான். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு பாசிர் கூடாங்கிலிருந்து மூத்த மகள் ஆப்ரினின் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பேசி முடிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை இர்ஃபான் எப்போது இந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார் என்பது.

ஆமாம், மாப்பிள்ளைதான் வர வேண்டும். காயல்பட்டினத்து வழக்கம் அது. கல்யாணமானால் பெண் எங்கேயும் போவதில்லை, வீடு அவளுக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவார். கப்பலேறி மலாயாவுக்கு வந்த பிறகு எத்தனையோ குடும்பங்கள் இதை விட்டுவிட்டன. பரக்கத் நிஷாவின் உம்மா விடவில்லை. பரக்கத் நிஷாவும் விடப்போவதில்லை. மகளுக்காக மாடி எழுப்பி, ஏர்கான் மாட்டி, திரைச்சீலை வரை தைத்தாகிவிட்டது. பாசிர் கூடாங் ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் இர்ஃபான், அந்த வேலையை விட்டுவிட்டுத் துணிக்கடைக்கு வர வேண்டியதுதான் பாக்கி.

கணவர் லியாக்கத் அலி விருந்துக்கு மீன் வாங்க மூவார் வரை போயிருந்தார். கடையில் கூட்டமில்லை. பரக்கத் நிஷா புத்தகத்தைக் கொண்டுவந்து மகள் முன்னால் வைத்தாள்.

"படி. படிச்சு எனக்குத் தமிழ்ல சொல்லு."

ஆப்ரினுக்குத் தன் கல்யாணப் பேச்சைவிட இது சுவாரஸ்யமாக இருந்தது. உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள்.

முதலில் அட்டைப்படத்திலேயே பரக்கத் நிஷா நின்றுவிட்டாள். சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண், முகம் தெரியவில்லை, மருதாணிக் கை மட்டும் தெரிகிறது. பிறந்ததிலிருந்து துணியோடு புழங்குகிறவளுக்குச் சேலைதான் முதலில் கண்ணில் படும்.

"இது பனாரஸ். இவ்வளவு ஜரிகை வச்சு நம்மள்ல யாரு கட்டுறா? யாரு இவ?"

"நீங்கதான் உம்மா."

பரக்கத் நிஷா தன் மலாய் பாஜு கூரோங் சட்டையின் கைப்பகுதியை இழுத்துவிட்டுக்கொண்டு, சரி மேலே படி என்றாள்.

முதல் அத்தியாயத்தில் நூர் என்ற பெண் கல்யாணமாகிக் காரில் ஏறுகிறாள். ஏறும்போதே அழுகிறாள். வாசலில் நிற்கும் தாயைக் கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். மடியில் ஒரு பெட்டி. கார் ரப்பர் தோட்டங்களைத் தாண்டித் தாண்டி ஒரு பெரிய வீட்டு முன்னால் போய் நிற்கிறது. அங்கே மிளகாய் வறுக்கும் வாடை, ஊறுகாய் ஜாடி வரிசை, மாமிகள், சின்னம்மாக்கள், கூட்டமோ கூட்டம்.

பரக்கத் நிஷாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எங்கடி போனேன்? உள் ரூம்லேருந்து ஹாலுக்கு வந்தேன். அவ்வளவுதான் நான் போன தூரம்."

எந்தச் சின்னம்மா, எந்த ஊறுகாய் ஜாடி? இந்த வீட்டில் இருந்தது அவள், அவளுடைய உம்மா, வாப்பா, வேலைக்கு ஓர் ஆள். ஊறுகாய் கடையிலிருந்து பாக்கெட்டில் வரும். வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்தியக் குடும்பம் என்றால் மிளகாய் நெடி அடிக்க வேண்டும் போலிருக்கிறது என்று ஆப்ரின் சொன்னாள். செல்வராணி டீச்சர் ஏன் அழுதார் என்பது மட்டும் இப்போது விளங்கியது. டீச்சர் ஈப்போவிலிருந்து தங்காக்கிற்குக் கல்யாணமாகி வந்தவர். கூட்டுக் குடும்பத்தில் பட்டவர். அவர் பரக்கத் நிஷாவுக்காக அழவில்லை, தனக்காக அழுதிருக்கிறார். அந்த வகையில் பார்த்தால் நிலோபர் எழுதியது பொய்யும் இல்லை. ஆனால் யாருக்கோ நடந்ததை எழுதிவிட்டு, முதல் பக்கத்தில் 'என் உம்மாவுக்கு' என்று போட்டால் ஊர் என்ன நினைக்கும்?

அந்த நேரம் பார்த்து போன் வந்தது. குளுவாங்கிலிருந்து லியாக்கத் அலியின் தங்கை ரஹ்மத் பீவி. குரலே சரியில்லை.

ரஹ்மத்தின் மகன் நாவலைப் படித்துச் சொல்லியிருக்கிறான். அதில் வரும் மாமியார் கொடுமைக்காரியாம். மருமகளை மூச்சுவிட விடமாட்டாளாம். பரக்கத் நிஷாவின் மாமியார் என்றால் அது யார்? லாயாங் லாயாங்கில் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த, மவுத்தாகிப் போன தன் உம்மாதானே?

"எங்க உம்மா உங்களுக்கு என்ன பண்ணுனாங்க மச்சி? பெருநாளைக்கு நீங்க வந்தா ஊட்டிவிடுவாங்களே. அதுக்கா இந்தப் பேரு?"

பரக்கத் நிஷாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அது வெறும் கதை, நிலோபரைக் கண்டிக்கிறேன் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். ரஹ்மத் சமாதானமாகவில்லை. கல்யாணத்துக்கு வருவதைப் பிறகு பார்க்கலாம் என்று போனை வைத்துவிட்டாள்.

உண்மையில் அந்த மாமியாரைப் போல ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. பெருநாளன்று போனால் மருமகள் வாயில் ஊட்டுவார். இருட்டுமுன் தங்காக்கிற்குக் கிளம்பும்போது மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு பெருநாளும் அவர் அழுவார். வயசானவர் என்று பரக்கத் நிஷா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

"மாமியார் வர்ற இடத்தைப் படி" என்றாள். கோபம் வந்துவிட்டது, ஆனாலும் ஆவல் அடங்கவில்லை.

ஆப்ரின் பக்கங்களைப் புரட்டினாள். நாவலின் மாமியார் உயரம், நல்ல நிறம். இடுப்பில் சாவிக்கொத்து. சத்தம் போடவே மாட்டாள். வீட்டில் எந்த மீன் எந்த நாளில் என்பதிலிருந்து எல்லாம் அவள் சொல்படிதான். மருமகள் நூருக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. பெரிய துண்டு மீன் அவளுக்குத்தான். ஆனால் தனியாக உட்கார்த்தி வைத்துப் பரிமாறுவார்கள். மாமியார் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசமாட்டாள். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, 'இன்னும் கொஞ்சம் வைக்கவான்னு கேளு' என்று வேறு ஆளிடம் சொல்லி அனுப்புவாள்.

பரக்கத் நிஷா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

"பொம்பளைக்கும் பொம்பளைக்கும் நடுவுல எதுக்குத் திரை?"

ஆங்கிலப் பத்திரிகையில் அந்தத் திரையைப் பற்றித்தான் பிரமாதமாக எழுதியிருந்தார்கள், இந்தியப் பெண்களின் அடிமைத்தனத்துக்கு அடையாளம் என்று பாராட்டியிருந்தார்கள் என்று ஆப்ரின் சொன்னாள்.

எந்த ஊரில் மாமியார் மருமகளுக்கு முன்னால் திரை போட்டுக்கொண்டு நிற்கிறாள்? மருமகள் தலையில் குட்டவாவது பக்கத்தில் வரவேண்டாமா? மாமியார் திரைக்குப் பின்னால் நிற்பது மருமகனுக்காகத்தான். மரியாதை அது. பரக்கத் நிஷாவின் உம்மா கண்ணை மூடுகிற வரைக்கும் அப்படித்தான் நின்றாள். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே பச்சைத் திரை. உம்மா உயரம், நல்ல நிறம். இடுப்பில் சாவிக்கொத்து.

பரக்கத் நிஷா மேலே படி என்றாள். இப்போது சிரிக்கவில்லை.

ஆப்ரினும் மெதுவாகப் படித்தாள். நூர் அந்த வீட்டில் ஐஸ்பெட்டியைத் தானாகத் திறந்ததே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால், தண்ணி இருக்கா என்று கேட்பாள். எத்தனை வருஷமானாலும் கேட்பாள். அது தன் வீடு இல்லையே. இரவில் அவளுக்குத் தூக்கம் வராது. பிறந்ததிலிருந்து ரயில் சத்தத்தில் தூங்கிப் பழகியவள். இந்த ஊரில் ரயில் கிடையாது. ரயில் வருகிற நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். வராத ரயிலைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். பக்கத்தில் படுத்திருப்பவர் பிறந்த வீட்டில் தூங்குகிறவர், நிம்மதியாகத் தூங்குவார்.

ஆப்ரின் நிறுத்தினாள். புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

"அலமாக். உம்மா, இது வாப்பா."

பரக்கத் நிஷா மேஜைமேல் கிடந்த மீட்டர் கோலை எடுத்து ஓரமாக வைத்தாள்.

லியாக்கத் அலி பேசுகிற மனிதர் இல்லை. கடையில் மீட்டர் கோலோடு நின்றால் வாடிக்கையாளரிடம் நாலு வார்த்தை, வீட்டில் அதுவும் கிடையாது. மாமனார் காலத்தில் வந்து கடையில் நின்றவர். மாமனார் போன பிறகும் முதலாளி நாற்காலியில் உட்காராமல் பக்கத்து ஸ்டூலில்தான் உட்காருவார். அதைப் பணிவு என்று ஊர் சொன்னது. பரக்கத் நிஷாவும் அப்படித்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தண்ணி இருக்கா நிஷா. இன்று காலையில்கூடக் கேட்டார். அவள் எழுந்து எடுத்துக் கொடுத்தாள். என் கையால் குடிக்க ஆசைப்படுகிறார் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள், பைத்தியக்காரி.

நிலோபருக்குப் போன் போட்டாள். எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"நிலோ, அந்தத் திரை எதுக்குடி?"

"மத்ததெல்லாம் மாத்துனேன் உம்மா. திரையை எடுக்க மறந்துட்டேன்."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. நிலோபர் முதலில் நடந்ததை நடந்தபடிதான் எழுதியிருக்கிறாள். பெட்டியோடு வந்து பெண் வீட்டில் இறங்குகிற ஒரு மாப்பிள்ளையின் கதை. லண்டன் பதிப்பகத்தில் அதைத் திருத்திய அம்மாள் ரொம்ப மரியாதையாக எழுதினாளாம். கதை அருமை, ஆனால் பாரம்பரியமான இந்தியக் குடும்பம் என்றால் பெண் அல்லவா புகுந்த வீட்டுக்குப் போக வேண்டும், இது படிக்கிறவர்களைக் குழப்பும், ஓர் ஆண் இதற்கெல்லாம் அழுவான் என்று அவர்கள் நம்ப மாட்டார்கள். நிலோபர் யோசித்துப் பார்த்தாள். முதல் புத்தகம். கடைசியில் மாப்பிள்ளைக்கு ஒரு சேலையைக் கட்டிவிட்டாள்.

"அப்ப நாம பாரம்பரியம் இல்லையாமா?"

"நாம ரொம்பப் பழைய பாரம்பரியம் உம்மா. ஆனா அவங்களுக்குத் தெரிஞ்ச பாரம்பரியம் இல்ல."

இதெல்லாம் உனக்கு யார் சொன்னது என்று கேட்டாள். பதில் தெரிந்தே கேட்டாள். நிலோபரைக் காலேஜில் விட ஜோகூர் பாரு போகும்போதெல்லாம் லியாக்கத் அலி சிம்பாங் ரெங்காமில் பெரிய சாலையை விட்டு இறங்கிவிடுவாராம். லாயாங் லாயாங் ஸ்டேஷன் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு, ஒரு ரயில் போகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாராம். வீட்டில் வாய் திறக்காத மனிதர் அந்தக் காடிக்குள் உட்கார்ந்து பேசியிருக்கிறார். புத்தகத்தை முதலில் படித்ததும் அவர்தான். பெண்ணாக மாற்றிவிட்டேன் வாப்பா என்று நிலோபர் பயந்து பயந்து சொன்னபோது, அதுவும் நல்லதுதான், யாருக்கும் தெரியாது என்றாராம்.

பரக்கத் நிஷாவுக்கு முதலில் வந்தது கோபம். என்னிடம் சொல்லாமல் காலேஜ் போகிற இருபது வயசுப் பெண்ணிடமா சொல்வார்? அப்புறம் உம்மாவை நினைத்துக் கோபம் வந்தது. மருமகனைத் தாங்கு தாங்கு என்று தாங்கினாளே, அவளையா கொடுமைக்காரி ஆக்குவது? ஆனால் லியாக்கத் அலி வாங்கிவந்து வைத்த மீனை வெட்ட அரிவாள்மனையை எடுத்து உட்கார்ந்தபோது ஒன்று புரிந்தது. விருந்தாளியைத்தான் அப்படித் தாங்குவார்கள். ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்க விருந்தாளியாகவே இருந்தால் அவனுக்கு மூச்சு முட்டாதா?

இப்போது இர்ஃபானுக்காக அவள் மாடி கட்டி வைத்திருக்கிறாள். திரைகூடத் தைத்தாகிவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். இர்ஃபான், அவன் உம்மா, அவன் மாமா. இர்ஃபானின் குடும்பமும் காயல் வழிதான், ஆனால் பாசிர் கூடாங்கில் குடியேறி இந்த வழக்கத்தை மறந்தவர்கள். மாமாவுக்கு மட்டும் கடையைப் பார்த்ததும் வழக்கம் நன்றாகவே ஞாபகம் வந்துவிட்டது. கரிபாப் பலகாரத்தை ஒரு கடி கடித்துவிட்டு அவரே பேச்சை நடத்தினார். பையனுக்கு ஷிப்டு வேலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கடை என்றால் நிழலில் உட்காரலாம், நாள் குறித்துவிடலாம் என்றார்.

இர்ஃபான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தட்டில் வைத்ததைத் தொடவில்லை. அவன் உம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். லியாக்கத் அலி வழக்கம்போலக் கதவுப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். எல்லாரும் இர்ஃபானைப் பற்றித்தான் பேசினார்கள். இர்ஃபானிடம் யாரும் பேசவில்லை.

பரக்கத் நிஷா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். அவள் நிற்கிற இடம் உம்மா நின்ற அதே இடம். மருமகனாக வரப்போகிறவரிடம் மாமியார் நேராகப் பேசுவது அந்த வீட்டில் நடந்ததே இல்லை. இவன் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டால் மாடி காலி, கடைக்கு ஆள் இல்லை, மகள் போய்விடுவாள். இருந்தாலும் ஹாலுக்கு வந்து இர்ஃபானுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பி, எல்லாரும் பேசுறாங்க. உங்களை யாரும் கேட்கல. இங்க வந்து இருக்க உங்களுக்குச் சம்மதமா?"

மாமா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். லியாக்கத் அலி நிமிர்ந்தார். இர்ஃபான் தன் உம்மாவை ஒரு தடவை பார்த்தான்.

"சம்மதம் இல்ல மாமி" என்றான். "ஆப்ரினைப் பிடிச்சிருக்கு. ஆனா என் வேலை எனக்குப் பிடிக்கும். உம்மாவைத் தனியா விட்டுட்டு வரவும் மனசு வரல. நீங்க கேட்டதாலதான் சொல்றேன்."

மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இர்ஃபானின் உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இர்ஃபான் அதோடு நிறுத்தவில்லை. ஆப்ரின் பாசிர் கூடாங் வந்தே ஆக வேண்டும் என்றும் கேட்க மாட்டேன், அவளையும் கேளுங்கள் என்றான். எல்லார் தலையும் சமையலறைப் பக்கம் திரும்பியது. தட்டோடு நின்ற ஆப்ரின், யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் முகத்திலிருந்து பரக்கத் நிஷாவால் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கல்யாணம் நின்றும் போகவில்லை, முடிவும் ஆகவில்லை. அப்படிப்பட்ட நிலையில் விருந்தாளிகளை வழியனுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மீன் கறியைத் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து, வாசல் வரை போய், கார் திரும்பும் வரை நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

லியாக்கத் அலி அதே நாற்காலியில்தான் இருந்தார். பரக்கத் நிஷா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மச்சான், புத்தகத்தைப் படிச்சேன்."

அவர் தலையசைத்தார். அதை எதிர்பார்த்தவர் போலத்தான் இருந்தார்.

"அன்னைக்கு உங்களை யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? உங்க உம்மாவை விட்டுட்டு என்கூட வந்திருப்பியா?"

பரக்கத் நிஷா அழுதாள். நாவலில் நூர் பக்கம் பக்கமாக அழுததற்கு எல்லாம் சேர்த்து இப்போதுதான் முதல் தடவையாக அழுதாள். அவருக்காகவா, தனக்காகவா, உம்மாவுக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. லியாக்கத் அலி அவளைத் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

பிறகு, கடை விஷயம் பேசுகிற குரலில் சொன்னார். லாயாங் லாயாங் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. ரஹ்மத் மகனோடு குளுவாங் போன பிறகு சாவியை இவரிடம் கொடுத்துவிட்டாள். போன மாதம் கூரையை மாற்றியாகிவிட்டது. இனி வெள்ளை அடித்தால் போதும்.

"எதுக்கு?" என்றாள். எதற்கென்று புரிந்துவிட்டது.

"ஆப்ரின் கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். இர்ஃபான் கடையைப் பார்த்துப்பார், நான் கிளம்பலாம்னு நினைச்சேன். அதுவும் இப்ப தெரியல."

அப்புறம் அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"உன்கிட்ட கேட்காம நான் முடிவு பண்ணிட்டேன் நிஷா. அது தப்பு. அந்தப் பையன்கிட்ட நீ கேட்டப்பதான் எனக்கு உறைச்சது. அதனால இப்ப கேட்கிறேன். லாயாங் லாயாங் வந்து என்கூட இருக்க உனக்குச் சம்மதமா?"

பரக்கத் நிஷா வாயைத் திறந்தாள். சம்மதம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. அவர் அவசரப்படாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த சோபா ஓரத்தில் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னால், ஒரே மூச்சில் பதில் சொன்னானே அந்த இர்ஃபான், அவன் எவ்வளவு தைரியசாலி என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.